முப்பது வயதில் கல்லூரிக்குப் போன தாய்

கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகளைப் பெற்ற பெண் கல்லூரிக்குப் போகலாமா? முப்பது வயதுக்கு மேல் பாடப் புத்தகத்தைப் பிரிக்கலாமா? பரீட்சை எழுதிப் புதிய தொழிலுக்குப் போகலாமா? ஊரார் என்ன சொல்வார்கள்? பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்று பல வீடுகளில் இந்தக் கேள்விகள் எழுகின்றன. தொழிற்சாலைகள் நிறைந்த சீமை இது. பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் பலருக்கு விட்ட படிப்பைத் தொடர ஆசை இருக்கிறது. வயது போய்விட்டதே என்ற தயக்கமும் கூடவே இருக்கிறது.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு சென்னைப் பட்டணத்தில் ஒரு பெண்ணுக்கும் இதே கேள்வி வந்தது. அவர் படித்தார். டாக்டர் ஆனார். சென்னையில் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். திருவல்லிக்கேணியில் "கோஷா ஆஸ்பத்திரி" என்று மக்கள் சொல்கிறார்களே, அந்த ஆஸ்பத்திரிதான் அது.

அவர் பெயர் மேரி ஷார்லீப். அவருடைய கதை இது.

தாயில்லாக் குழந்தை

மேரி 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களுக்குள் தாய் இறந்துவிட்டார். தாயைப் பிரசவம் கொண்டுபோயிற்று. குழந்தையைப் பாட்டனாரும் பாட்டியும் எடுத்து வளர்த்தார்கள். கண்டிப்பான வீடு. வேளாவேளைக்குப் பிரார்த்தனை, வேளாவேளைக்குப் படிப்பு.

மேரி பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தார். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்தால் கல்யாணம். அத்தோடு புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான்.

அப்போது லண்டனில் வில்லியம் மேசன் ஷார்லீப் என்ற வாலிபர் பாரிஸ்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் சென்னைக்குப் போய் வக்கீல் தொழில் நடத்துவது அவர் எண்ணம். அவரும் மேரியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கண்காணாத தேசத்துக்குப் பெண்ணை அனுப்ப மேரியின் வீட்டார் முதலில் தயங்கினார்கள். பிறகு சம்மதித்தார்கள். 1865ஆம் ஆண்டு டிசம்பரில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு புதுத் தம்பதி சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. அது 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வருவது லேசான பயணம் அல்ல.

சென்னையில் மேரிக்கு எந்தக் குறையும் இல்லை. கணவருக்கு நல்ல வருமானம். வீட்டு வேலைக்கு ஆட்கள். இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தார்கள். கணவர் சட்டப் பத்திரிகைகளை நடத்தினார். மேரி அவருக்குத் துணையாக இருந்து பத்திரிகை வேலைகளைப் பார்த்தார். ஒரு துரைசானிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மேரிக்கோ மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கதவுக்குப் பின்னால்

கணவரிடம் வேலை பார்த்தவர்கள் மூலமாக மேரியின் காதில் சில செய்திகள் விழுந்தன. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தாள். இன்னொரு வீட்டில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. ஜன்னி கண்டது, ரத்தம் நிற்கவில்லை, குழந்தை குறுக்கே கிடந்தது என்று இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சென்னையில் அப்போது டாக்டர்கள் இல்லாமல் இல்லை. மருத்துவப் பள்ளி 1835இலேயே ஏற்பட்டிருந்தது. எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844இலேயே ஏற்பட்டிருந்தது. ஆனால் டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள். கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார்கள். இந்துக் குடும்பங்களிலும் மேல்சாதிப் பெண்கள் பலர் அப்படித்தான். ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைத்த காலம் அது. எனவே ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவர்களுக்கு அது எட்டாத தூரம்.

வீட்டில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். அனுபவம் உள்ளவர்கள். சுகப்பிரசவத்துக்கு அவர்கள் போதும். சிக்கல் வந்தால்தான் ஆபத்து. குழந்தையைத் திருப்பத் தெரியாது. ஆயுதம் கொண்டு எடுக்கத் தெரியாது. சுத்தத்தின் அவசியமும் பலருக்குத் தெரியாது. சீமையிலேயே அந்த அறிவு அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. டாக்டர் கையைச் சுத்தம் செய்யாமல் தொடுவதால் பிரசவ ஜன்னி வருகிறது என்பதை செம்மல்வைஸ் என்ற வைத்தியர் 1847இல் வியன்னா நகரில் கண்டறிந்தார். புண்ணில் கிருமி சேராமல் தடுக்கும் முறையை லிஸ்டர் 1867இல்தான் உலகுக்கு வெளியிட்டார்.

மேரி யோசித்தார். ஆண் டாக்டரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். மருத்துவச்சிக்குச் சிக்கலைத் தீர்க்கத் தெரியாது. அப்படியானால் ஒரு பெண் டாக்டர் வந்தால்தான் வழி பிறக்கும். ஆனால் சென்னையில் பெண் டாக்டரே இல்லை.

எழும்பூரில் ஓராண்டு

முதலில் அவர் பெரிதாக ஒன்றும் திட்டமிடவில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி கேட்டார். வக்கீல் வீட்டு அம்மாளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர் விடவில்லை. ஓராண்டுக் காலம் அங்கே இருந்து தொழிலைக் கற்றார்.

கற்ற பிறகுதான் தனக்கு எவ்வளவு தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. பிரசவத்தின்போது இருதயம் பலவீனமாக இருந்தால் என்ன செய்வது? வயிற்றில் கட்டி இருந்தால்? அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால்? பிரசவம் மட்டும் கற்றவரால் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. முழு வைத்தியமும் படிக்க வேண்டும்.

படிக்க இடம் எங்கே? இங்கிலாந்தில் பெண்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. எடின்பரோ சர்வகலாசாலையில் 1869இல் சில பெண்கள் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்கள். ஆண் மாணவர்கள் கலகம் செய்தார்கள். கடைசியில் அந்தப் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லண்டன் சர்வகலாசாலையும் அப்போது பெண்களுக்குப் பட்டம் தரவில்லை.

சென்னை முந்திக்கொண்டது. ராஜதானியின் சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபோர், பெண்களும் வைத்தியம் படிக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். அவர் ஆதரவு கொடுத்தார். 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். அப்போது அவருக்கு வயது 30.

வார்டில் நின்ற மாணவி

மூன்று ஆண்டுப் படிப்பு. காலையில் பிள்ளைகளைக் கவனித்துவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும். உடற்கூறு, ரசாயனம், மருந்து, அறுவைச் சிகிச்சை என்று பாடங்கள். பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். வீடு திரும்பினால் குடும்பம் காத்திருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகுதான் புத்தகம்.

ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர், பெண்கள் வார்டில் நடப்பதைத் தன்னால் தடுக்க முடியாது, ஆனால் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர மாட்டேன் என்று கூறிவிட்டார். மேரி கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சட்டம் அவரை வார்டுக்குள் விட்டிருந்தது. அது போதும் என்று நின்றார். கேட்டது பாதி, கண்ணால் பார்த்தது பாதி என்று படித்தார்.

அந்த மூன்று ஆண்டுகளும் சென்னை ராஜதானிக்குப் பொல்லாத ஆண்டுகள். 1876இல் தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. பசியோடு நோயும் சேர்ந்து வந்தது. ஒரு டாக்டரின் தேவை என்ன என்பதை நாடே கண்ணீரோடு பார்த்த காலம் அது.

1878இல் மேரி படிப்பை முடித்தார். வைத்தியம் பார்ப்பதற்கான தகுதி கிடைத்தது. இனி வீட்டிலேயே இருந்து தொழில் நடத்தலாம். பலர் இதோடு நிறுத்தியிருப்பார்கள்.

மீண்டும் மாணவி

மேரி நிறுத்தவில்லை. சென்னையில் கிடைத்தது சான்றிதழ்தான், பட்டம் அல்ல. பெரிய ஆபரேஷன்களைத் தனியாகச் செய்ய அந்தப் படிப்பு போதாது என்று அவர் உணர்ந்தார். பெண் டாக்டரின் கையில் ஒரு நோயாளி இறந்தால், பெண்ணுக்கு வைத்தியம் வராது என்று ஊர் பேசும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆண் டாக்டர்கள் எதைப் படித்தார்களோ அதை முழுவதும் படிக்க வேண்டும். அவர்கள் எழுதிய அதே பரீட்சையை எழுத வேண்டும்.

1878இல் அவர் பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணவர் சென்னையில் இருந்து வக்கீல் தொழிலைப் பார்த்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பிரிவு ஐந்து ஆண்டுகள் நீடிக்கும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

அதே 1878ஆம் ஆண்டு டிசம்பரில்தான் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி கிராமத்தில் ராஜாஜி பிறந்தார். ராஜாஜி தொட்டிலில் கிடந்த நாட்களில், சென்னையிலிருந்து போன அந்தத் தாய் லண்டனில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

லண்டனில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி 1874இல் ஏற்பட்டிருந்தது. இங்கிலாந்தின் பெண் டாக்டர்களில் மூத்தவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அங்கே பாடம் நடத்தினார். ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி அந்தப் பள்ளியின் மாணவிகளை நோயாளிகளைப் பார்க்க அனுமதித்தது. லண்டன் சர்வகலாசாலையும் 1878இல் பெண்களுக்குப் பட்டம் தருவது என்று முடிவு செய்தது. மேரி போன நேரம் நல்ல நேரம்.

ஆனால் ஒரு தடை இருந்தது. சர்வகலாசாலைப் பட்டம் வேண்டுமானால் முதலில் மெட்ரிகுலேஷன் தேற வேண்டும். அதாவது, சென்னையில் மூன்று ஆண்டு வைத்தியம் படித்துத் தேறிய பெண், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுத வேண்டும். லத்தீன் மொழியும் படிக்க வேண்டும். முப்பத்து மூன்று வயதில் இலக்கணம் மனப்பாடம் செய்வது எளிதா? மேரி அதையும் செய்தார். தேறினார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறினார்.

1882ஆம் ஆண்டு அவர் எம்.பி., பி.எஸ். பட்டம் பெற்றார். லண்டன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்களில் அவர் ஒருவர். மற்றவர் எடித் ஷோவ். பிரசவ வைத்தியப் பாடத்தில் மேரிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆண்களும் எழுதிய பரீட்சையில் கிடைத்த பதக்கம் அது. எந்த விஷயத்துக்காக அவர் முதன்முதலில் வீட்டைவிட்டு வெளியே வந்தாரோ, அதே விஷயத்தில் அவருக்கு முதலிடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 37.

பட்டம் வாங்கிய பிறகும் அவர் வியன்னாவுக்குப் போய்ச் சில மாதங்கள் பிரசவ ஆபரேஷன் முறைகளைப் பார்த்துக் கற்றார்.

மகாராணியைக் கண்டார்

இந்தியாவுக்குத் திரும்பும் முன் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. விக்டோரியா மகாராணி அவரைப் பார்க்க விரும்பினார்.

பெண்கள் டாக்டர் ஆவது மகாராணிக்குப் பிடிக்காத விஷயம். இதை நாடே அறியும். மேரி வாதம் செய்யவில்லை. சென்னையில் தான் கண்டதையும் கேட்டதையும் சொன்னார். திரைக்குப் பின்னால் பெண்கள் படும் பாட்டைச் சொன்னார். ஆண் டாக்டர் வாசலில் நிற்க, உள்ளே உயிர் போவதைச் சொன்னார். மகாராணியும் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர் மனம் இளகியது. இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர் தேவை என்பதை ஒப்புக்கொண்டார். பின்னர் சென்னையில் ஏற்பட்ட ஆஸ்பத்திரிக்குத் தன் பெயரை வைக்கவும் சம்மதம் கொடுத்தார்.

பட்டணத்தில் புது ஆஸ்பத்திரி

1883இல் மேரி சென்னைக்குத் திரும்பினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மாணவியாகச் சேர்ந்த அதே மருத்துவக் கல்லூரியில் அவர் ஆசிரியர் ஆனார். பிரசவ வைத்தியமும் பெண்களின் நோய்களும் அவர் நடத்திய பாடங்கள்.

அதற்குள் கல்லூரியில் இந்தியப் பெண்களும் சேரத் தொடங்கியிருந்தார்கள். எழுத்தாளர் கிருபாபாய் சத்தியநாதன் 1878இல் சேர்ந்தார். உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பைத் தொடர முடியவில்லை. வங்காளத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்காததால், அபலா தாஸ் என்ற பெண் 1882இல் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸை அவர் பிறகு மணந்தார்.

மேரியின் பெரிய கனவு ஆஸ்பத்திரி. கோஷாப் பெண்களும் மற்றப் பெண்களும் கூச்சமின்றி வந்து தங்கும் இடம் வேண்டும். டாக்டரும் பெண்ணாக இருக்க வேண்டும். தாதிகளும் பெண்களாக இருக்க வேண்டும். அவரவர் வழக்கத்துக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. கவர்னர் கிராண்ட் டஃபின் மனைவி இந்த முயற்சிக்கு உதவினார். ஊரில் இருந்த பெரிய மனிதர்களும் கை கொடுத்தார்கள்.

1885ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஆஸ்பத்திரி தொடங்கியது. பல்லக்கிலும் மூடு வண்டியிலும் பெண்கள் வந்தார்கள். திரையை விலக்கினால் எதிரே நிற்பவரும் ஒரு பெண். அவர்கள் பயம் தெளிந்தது. ஆண் டாக்டரிடம் காட்டாத நோயைக் காட்டினார்கள். சொல்லாத வலியைச் சொன்னார்கள்.

இடம் போதவில்லை. வெங்கடகிரி ராஜா கட்டடத்துக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தார். 1890இல் ஆஸ்பத்திரி சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. நாடு விடுதலை அடைந்த பிறகு அதற்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் புதுக் கட்டடம் எழுந்தபோது மேரி சென்னையில் இல்லை. இரவும் பகலும் உழைத்த உழைப்பு அவர் உடம்பைக் கெடுத்தது. சென்னை வெயிலும் சேர்ந்துகொண்டது. 1887இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பட்டம் பெற்றுத் திரும்பி வந்து அவர் சென்னையில் வேலை செய்தது நான்கு ஆண்டுகள்தான். அதற்காக அவர் படித்ததோ எழும்பூர்ப் பயிற்சியையும் சேர்த்தால் எட்டு ஆண்டுகளுக்கு மேல்!

கணக்குப் பார்ப்பவர்கள் இது நஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அவர் வைத்துவிட்டுப் போனதைப் பார்க்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரி நின்றது. பெண்கள் படிக்கும் கல்லூரி நின்றது. 1875இல் நால்வருக்காகத் திறந்த கதவு பிறகு மூடப்படவில்லை. அந்தக் கல்லூரியில்தான் 1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி சேர்ந்தார். 1912இல் தேறி டாக்டர் ஆனார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு அறிந்த அவர்தான் பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி அமையக் காரணமானவர்.

வயது ஏற ஏறப் படிப்பு

லண்டனுக்குப் போன மேரி ஓய்வு எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. 1888இல், 43ஆம் வயதில், எம்.டி. பட்டம் பெற்றார். லண்டன் சர்வகலாசாலையில் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். காரெட் ஆண்டர்சன் நடத்திய பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் டாக்டராக இருந்தார். வயிற்று ஆபரேஷன்களில் பெயர் வாங்கினார்.

1902இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி அவரைப் பெண் நோய்ப் பிரிவின் டாக்டராக நியமித்தது. மாணவியாக அவர் நடந்த வார்டுகள் அவை. ஆண்களும் பெண்களும் சிகிச்சை பெறும் பொது ஆஸ்பத்திரியில் பெண் ஒருவருக்கு அப்படிப்பட்ட உயர்ந்த பதவி கிடைப்பது இங்கிலாந்தில் அப்போது புதுமை.

தாய்மாரின் நலம், குழந்தை வளர்ப்பு பற்றிப் பல புத்தகங்கள் எழுதினார். 1924இல் தன் வாழ்க்கை நினைவுகளையும் புத்தகமாக வெளியிட்டார். 1926இல் அரசாங்கம் அவருக்கு "டேம்" என்ற பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. ஆண்களுக்கு "சர்" பட்டம் எப்படியோ, பெண்களுக்கு அது அப்படி. 1930ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, 85ஆம் வயதில் லண்டனில் காலமானார். கணவர் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். மூத்த வயதிலும் அவர் நோயாளிகளைப் பார்ப்பதை விடாமல் இருந்தார்.

எது உதவியது?

மேரி ஷார்லீப் வசதியான வீட்டுப் பெண். வேலைக்கு ஆள் இருந்தது. கணவரின் சம்பாத்தியம் இருந்தது. எல்லா வீட்டிலும் இவை இருக்காது. ஓசூரில் ஷிப்டு முடிந்து வந்து அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு நாளில் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. அதை மறந்துவிட்டு அவரைப் போல எல்லோரும் செய்யலாம் என்று சொல்வது சரியாகாது.

ஆனாலும் அவர் கதையில் எல்லோருக்கும் உதவும் சில விஷயங்கள் உண்டு. அவர் ஒரே தாவாகத் தாவவில்லை. முதலில் ஓராண்டுப் பயிற்சி. அது போதாது என்று கண்டபோது மூன்று ஆண்டுப் படிப்பு. அதுவும் போதாது என்று கண்டபோது பட்டம். ஒவ்வொரு படியிலும் நின்று, அடுத்த படி தேவையா என்று பார்த்துத்தான் ஏறினார்.

சிறு பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுத அவர் வெட்கப்படவில்லை. படிப்பில் பாதியில் நின்றவர்கள் பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். விட்ட பத்தாம் வகுப்பை எழுதப் போனால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்று நினைக்கிறார்கள். லண்டனில் மெட்ரிகுலேஷன் எழுதிய அந்த மூன்று பிள்ளைகளின் தாயை அவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டார் சேர்ந்து சுமந்தார்கள் என்பதும் உண்மை. கணவர் தடுத்திருந்தால் மேரி எழும்பூருக்கே போயிருக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் தனியாக இருக்க அவர் சம்மதித்தார். ஒரு வீட்டில் ஒருவர் படிக்கப் போனால் மற்றவர்கள் சமையலையும் பிள்ளைகளையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கும் படிப்பில் சேர்ந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காகப் படிக்கிறோம் என்பது மேரிக்குத் தெரிந்திருந்தது. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர வேண்டும் என்பதற்காக அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. பிறந்த சில நாட்களில் தாயை இழந்த பெண் அவர். பிற வீடுகளில் அது நடக்கக் கூடாது என்று படித்தார்.

திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன. அங்கே பிரசவம் பார்க்கும் பெண் டாக்டர்களைக் கண்டு இன்று யாரும் ஆச்சரியப்படுவதில்லை.